கார்கியின் தறி, காத்யாயனியின் மௌனம்

பண்டைய இந்தியாவில் பெண்கள் எவ்வளவு உயர்ந்த நிலையில் இருந்தார்கள் என்று மேடையேறிப் பேசுகிறவர்கள் இரண்டு பெயர்களைத் தவறாமல் சொல்வார்கள்: கார்கி, மைத்ரேயி. டெல்லியில் இரண்டு பெண்கள் கல்லூரிகள் இந்தப் பெயர்களைத் தாங்கி நிற்கின்றன. இரண்டும் 1967இல் தொடங்கப்பட்டவை. பெயர்களைச் சொல்லி முடித்ததும் பேச்சு அடுத்த பொருளுக்குப் போய்விடும். அந்தப் பெண்கள் யாரிடம் என்ன கேட்டார்கள், கேட்டபிறகு என்ன ஆயிற்று என்ற விவரத்துக்குள் பெரும்பாலும் யாரும் நுழைவதில்லை. நுழைந்தால் அங்கே மூன்றாவதாக ஒரு பெண்ணையும் பார்க்க வேண்டிவரும். அவர் பெயர் காத்யாயனி. மைத்ரேயியின் சக்களத்தி. நூல் முழுவதிலும் அவர் ஒரு சொல்கூடப் பேசுவதில்லை. அவரை எந்த மேடையிலும் யாரும் எடுத்துக்காட்டாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

இம்மூவரும் இருக்கும் நூல் பிருகதாரண்யக உபநிடதம். உபநிடதங்களில் மிகப் பழையவற்றுள் ஒன்று, மிகப் பெரியவற்றுள்ளும் ஒன்று. சுக்ல யஜுர் வேதத்தைச் சேர்ந்த சதபத பிராமணம் என்னும் பெரிய வேள்வி நூலின் கடைசிப் பகுதியாக இது வருகிறது. காண்வம், மாத்யந்தினம் என்று இரண்டு பாடங்கள் உண்டு. பொ.மு. 7, 6ஆம் நூற்றாண்டுகளில் இது உருப்பெற்றிருக்கலாம் என்பது ஆய்வாளர் பலரின் கணிப்பு. ஆறு அதிகாரங்கள். முதல் இரண்டும் மது காண்டம், நடு இரண்டும் யாக்ஞவல்கிய காண்டம், கடைசி இரண்டும் கில காண்டம், அதாவது பிற்சேர்க்கை. கார்கி மூன்றாம் அதிகாரத்தில் வருகிறார். மைத்ரேயியின் உரையாடல் இரண்டாம் அதிகாரத்தில் ஒருமுறையும் நான்காம் அதிகாரத்தில் சில மாற்றங்களோடு மறுமுறையும் வருகிறது. ஆறாம் அதிகாரத்தில் வரும் பெண்களைப் பற்றி நம் பாடநூல்கள் பேசுவதே இல்லை. இந்த நூலைப் பெண்ணின் பக்கமிருந்து படிப்பதென்றால் மூன்று முதல் ஆறு வரை முழுதாகப் படிக்க வேண்டும்.

மூன்றாம் அதிகாரம் விதேக நாட்டு மன்னர் ஜனகரின் வேள்விச் சாலையில் தொடங்குகிறது. குரு, பாஞ்சால நாடுகளிலிருந்து பிராமணர்கள் வந்து கூடியிருக்கிறார்கள். இவர்களில் மிகக் கற்றவர் யார் என்று அறிய விரும்பும் ஜனகர் ஆயிரம் பசுக்களைக் கட்டி நிறுத்துகிறார். ஒவ்வொன்றின் கொம்புகளிலும் பத்துப் பாதம் பொன். பாதம் என்பது அக்காலத்து எடை. மற்றவர்கள் தயங்கிக்கொண்டிருக்க, யாக்ஞவல்கியர் தம் மாணவனை அழைத்துப் பசுக்களை ஓட்டிப்போகச் சொல்லிவிடுகிறார். அதன்பின் ஒவ்வொருவராக எழுந்து அவரை மடக்கப் பார்க்கிறார்கள். கேள்வி கேட்டவர்கள் எட்டுப் பேர். ஏழு பேர் ஆண்கள். கார்கி வாசக்னவி ஒருவரே பெண். இரண்டு முறை எழுந்து கேட்டவரும் அவர் ஒருவரே.

முதல் முறை அவர் கேட்ட கேள்வியின் அமைப்பைக் கவனியுங்கள். இவ்வுலகம் முழுவதும் நீரில் ஊடும் பாவுமாக நெய்யப்பட்டிருக்கிறதென்றால், நீர் எதில் நெய்யப்பட்டிருக்கிறது? காற்றில் என்று யாக்ஞவல்கியர் சொல்ல, காற்று எதில் என்று கேட்கிறார். இடைவெளி, கந்தர்வ உலகம், சூரியன், சந்திரன், விண்மீன்கள், தேவர், இந்திரன், பிரஜாபதி என்று படிப்படியாக ஏறிப் பிரம்ம உலகம் வரை போகிறது பதில். பிரம்ம உலகம் எதில் நெய்யப்பட்டிருக்கிறது என்று கார்கி கேட்ட இடத்தில் யாக்ஞவல்கியர் நிறுத்துகிறார். அளவுமீறிக் கேட்காதே, தலை விழுந்துவிடும் என்று எச்சரிக்கிறார். கார்கி அமைதியாகிறார். நூல் இதை ஒரே வரியில் சொல்லிவிட்டு அடுத்தவரிடம் போய்விடுகிறது.

ஓதம், ப்ரோதம் என்ற வடசொற்களுக்குப் பாவு, ஊடை என்று தமிழில் சொல்லிப் பாருங்கள். கேள்வி சட்டென்று தறியருகே வந்துவிடும். நீளவாட்டில் கட்டி இழுத்த பாவு. குறுக்கே ஓடும் ஊடை. இரண்டும் சேர்ந்தால் துணி. துணியைத் தாங்குவது தறி. தறியைத் தாங்குவது எது? தறியைப் பார்த்துப் பழகிய ஒருவருக்கு இயல்பாகத் தோன்றும் கேள்விதான் இது. கம்பளியும் நூலும் பெண்களின் வேலை என்று இந்த உபநிடதத்தைத் தன் கடைசிப் பகுதியாகக் கொண்ட சதபத பிராமணமே வேறோர் இடத்தில் சொல்கிறது. கார்கி தறியில் உட்கார்ந்து நெய்தாரா என்பது நூலில் இல்லை. ஆனால் அவர் கையாண்ட உவமை பெண்களின் உழைப்பிலிருந்து வந்தது என்பதற்கு நூலின் உள்ளேயே சான்று இருக்கிறது. வேள்வியைப் பற்றியும் மந்திரத்தைப் பற்றியும் மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருந்த சபைக்குள் அவர் நெசவைக் கொண்டுவந்து பேரண்டத்தின் மேல் விரித்துப் பார்த்தார்.

கார்கி அமைதியானபின் எழுபவர் உத்தாலக ஆருணி. அவர் ஒரு பழைய சம்பவத்தைச் சொல்கிறார். மத்ர நாட்டில் பதஞ்சல காப்யர் வீட்டில் தங்கி வேள்விக் கல்வி பயின்றுகொண்டிருந்தபோது அவருடைய மனைவியை ஒரு கந்தர்வன் பிடித்திருந்தான். யார் நீ என்று கேட்டதற்கு அவன் தன் பெயர் கபந்தன் என்றான். அந்தக் கந்தர்வன்தான் இவ்வுலகையும் மறு உலகையும் எல்லா உயிர்களையும் கோத்திருக்கும் நூல் எது தெரியுமா, உள்ளிருந்து இவற்றை இயக்குபவன் யார் தெரியுமா என்று பதஞ்சலரையும் மாணவர்களையும் கேட்டவன். அந்தக் கேள்வியைத்தான் உத்தாலகர் இப்போது யாக்ஞவல்கியரிடம் வீசுகிறார். இதே வீட்டைப் பற்றி இன்னொரு சம்பவத்தையும் நூல் முன்பே சொல்லியிருக்கிறது. புஜ்யு என்பவர் அந்த வீட்டுக்குப் போயிருந்தபோது பதஞ்சலரின் மகளைக் கந்தர்வன் பிடித்திருந்தான். அவன் தன் பெயர் சுதன்வன் என்றான். அவனிடமிருந்து கற்றதை வைத்துத்தான் புஜ்யுவும் சபையில் கேள்வி கேட்டார்.

ஒரு வீடு. இரண்டு பெண்கள். இருவர் வாயிலிருந்தும் அறிவு வருகிறது. அந்த அறிவு அரச சபைவரை போய்ச் சேருகிறது. உள்ளிருந்து இயக்கும் அந்தர்யாமி என்ற கருத்து பல நூற்றாண்டுகளுக்குப் பின் இராமானுஜரின் விசிஷ்டாத்வைதத்துக்கே தூணாக அமைந்தது. அந்தக் கேள்வியை முதலில் உச்சரித்த வாய் ஒரு பெண்ணின் வாய். ஆனால் நூலில் அதற்கு உரிமையாளன் கந்தர்வன். கந்தர்வனுக்குப் பெயர் இருக்கிறது. மனைவிக்குப் பெயர் இல்லை. மகளுக்கும் பெயர் இல்லை. பேய் பிடித்துப் பேசும் பெண்ணின் சொல்லுக்கு மட்டும் ஊர் காது கொடுப்பதை நாம் இன்றும் பார்க்கிறோம். அவள் சொன்னதை எல்லாரும் கேட்பார்கள். அவள் சொன்னாள் என்று மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள்.

நூல் இந்தப் பகுதிகளை அடுக்கியிருக்கும் வரிசையும் முக்கியம். கார்கியின் நெசவுக் கேள்வி 3.6இல். உத்தாலகர் கொண்டுவந்த, பெயரில்லாத மனைவியின் வாய்வழி வந்த நூலிழைக் கேள்வி 3.7இல். 3.8இல் மறுபடியும் கார்கி எழுகிறார். இழையும் நெசவுமாகத் தொடரும் இந்த மூன்று பகுதிகளுக்கும் பின்னால் பெண்களின் கைவேலை இருக்கிறது.

இரண்டாம் முறை எழும் கார்கி முறையை மாற்றிக்கொள்கிறார். முதலில் சபையைப் பார்த்துப் பேசுகிறார். இவரிடம் இரண்டு கேள்விகள் கேட்கப்போகிறேன், இவற்றுக்குப் பதில் சொல்லிவிட்டால் உங்களில் யாரும் இவரை வெல்ல முடியாது என்கிறார். கேள் என்று சபை சொல்கிறது. அந்த அதிகாரத்தில் எந்த ஆணும் கேட்பதற்கு முன் சபையின் சம்மதத்தைப் பெறவில்லை. அடுத்து அவர் யாக்ஞவல்கியரிடம் திரும்பி, காசியிலிருந்தோ விதேகத்திலிருந்தோ வந்த ஒரு வீரன் தளர்த்திவைத்த வில்லை நாணேற்றி இரண்டு அம்புகளோடு எதிரில் நிற்பதுபோல இரண்டு கேள்விகளோடு நிற்கிறேன் என்ற பொருளில் சொல்கிறார். தறியின் மொழியில் கேட்டபோது அவரை வாயடைத்தார்கள். வில்லின் மொழியில் அறிவித்தபின் பதில் கிடைக்கிறது. உள்ளே இருக்கும் கேள்வி என்னவோ பழைய நெசவுக் கேள்விதான். வானுக்கு மேலும் மண்ணுக்குக் கீழும் இரண்டுக்கும் இடையிலும் இருப்பது, இருந்தது, இருப்பது, இருக்கப்போவது என்று சொல்லப்படுவதெல்லாம் எதில் நெய்யப்பட்டிருக்கிறது? வெளியில். சரி, வெளி எதில் நெய்யப்பட்டிருக்கிறது? இதற்குத்தான் யாக்ஞவல்கியர் அட்சரம் என்ற அழியாப் பொருளை விளக்குகிறார். பருமையும் இல்லை, நுண்மையும் இல்லை, குட்டையும் இல்லை, நெட்டையும் இல்லை என்று போகும் அந்த எதிர்மறை அடுக்கு இந்தியத் தத்துவத்தின் பெரிய தருணங்களில் ஒன்று. முன்பு கேட்கக்கூடாது என்று தடுத்த எல்லையை யாக்ஞவல்கியர் இப்போது தாமே தாண்டுகிறார். தாண்ட வைத்தவர் கார்கி.

பிறகு கார்கி தீர்ப்புச் சொல்கிறார். இவரை வணங்கிவிட்டுத் தப்பித்துக்கொள்ள முடிந்தால் அதையே பெரிதாக எண்ணுங்கள் என்று பிராமணர்களிடம் கூறிவிட்டு அமைகிறார். சபையில் ஒரு பெண் நடுவராக நிற்கும் கணம் இது. விதக்த சாகல்யர் அதைப் பொருட்படுத்தவில்லை. அவர் தொடர்ந்து கேட்கிறார். கடைசியில் யாக்ஞவல்கியர் திருப்பிக் கேட்ட கேள்விக்குப் பதில் தெரியாமல் அவர் தலை விழுகிறது. அவருடைய எலும்புகளைக்கூட வேறு ஏதோ பொருளென்று நினைத்துத் திருடர்கள் தூக்கிப் போய்விட்டார்களாம்.

தலை விழும் என்ற மிரட்டல் பெண்ணுக்காகவே செய்யப்பட்டது என்று அவசரமாக முடிவுகட்ட முடியாது. வேதகால வாதங்களில் அது வழக்கமான சொல். உத்தாலகரும் யாக்ஞவல்கியரைப் பார்த்து அதையே சொல்கிறார். சதபத பிராமணத்தின் பதினோராம் காண்டத்தில் இதே சாகல்யர் கதை வேறு வடிவில் வருகிறது. அங்கே அளவுமீறிக் கேட்டதாக அவர் மேலும் குற்றம் சாட்டப்படுகிறது. ஆனால் பிருகதாரண்யகத்துக்குள் மட்டும் நின்று பார்த்தால் ஒரு வேறுபாடு துலக்கமாகத் தெரிகிறது. யாக்ஞவல்கியருக்கு விடப்பட்ட மிரட்டல், தெரியாமலே தெரிந்தவர்போலப் பசுக்களை ஓட்டிச் சென்றால் என்பதற்கு. சாகல்யருக்கு விடப்பட்டது, பதில் சொல்லாவிட்டால் என்பதற்கு. கார்கிக்கு விடப்பட்டது, மேலும் கேட்டால் என்பதற்கு. ஆண்கள் அறியாமைக்காகத் தலையை இழக்கும் சபையில் பெண் அறிய விரும்பியதற்காகத் தலையை இழக்க வேண்டும். வகுப்பில் இந்தப் பகுதியை நடத்தும்போதெல்லாம் மாணவிகளிடமிருந்து சிரிப்பொன்று எழும். அதிகமாகக் கேள்வி கேட்காதே என்று கேட்டு வளராத பெண் நம்மில் யார்?

இன்னொன்றையும் மாணவிகள் கேட்பார்கள்: கார்கியின் சொந்தப் பெயர் என்ன? கார்கி என்றால் கர்க குலத்துப் பெண். வாசக்னவி என்றால் வசக்னுவின் மகள். மைத்ரேயி, காத்யாயனி என்பவையும் குலப்பெயர்களே. ஆண்களும் குலப்பெயரால் அழைக்கப்பட்ட காலம்தான் அது. யாக்ஞவல்கியர் என்பதே அப்படிப்பட்ட பெயர். ஆனாலும் உத்தாலகர், கஹோலர், உஷஸ்தர் என்று ஆண்கள் பலருக்குக் குலப்பெயரோடு தனிப்பெயரும் சேர்ந்து வந்திருக்கிறது. இந்த நூலில் பேசும் பெண்களுக்கு அப்படி எதுவும் எஞ்சவில்லை.

நான்காம் அதிகாரத்தின் ஐந்தாம் பகுதி ஒரு வீட்டுக்குள் நடக்கிறது. யாக்ஞவல்கியர் இல்லறத்தைவிட்டுப் போகத் தீர்மானித்துவிட்டார். போவதற்குமுன் இரண்டு மனைவியருக்கும் பாகம் பிரித்துக் கொடுக்க வேண்டும். இங்கேதான் நூல் இருவரையும் அறிமுகப்படுத்துகிறது. மைத்ரேயி பிரம்மவாதினி, பரம்பொருளைப் பற்றி உரையாடுபவர். காத்யாயனிக்கு இருந்ததோ ஸ்த்ரீபிரஜ்ஞை மட்டும். அதாவது பெண்ணறிவு.

செல்வம் நிறைந்த இந்த நிலம் முழுவதும் எனக்குக் கிடைத்தாலும் நான் சாவைக் கடந்துவிடுவேனா என்று மைத்ரேயி கேட்கிறார். இல்லை, வசதி படைத்தவர்கள் வாழ்வதுபோல வாழ்வாய், அவ்வளவுதான் என்கிறார் யாக்ஞவல்கியர். அப்படியானால் அதை வைத்து நான் என்ன செய்வது, உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள் என்று மைத்ரேயி கேட்கிறார். சொத்துக்குப் பதிலாக அறிவைப் பங்காகக் கேட்கும் இந்த இடம் உண்மையிலேயே பெரிய இடம். யாக்ஞவல்கியரின் போதனை கணவன் என்ற சொல்லிலிருந்தே தொடங்குகிறது. கணவனுக்காகக் கணவன் பிரியமானவன் ஆவதில்லை, ஆன்மாவுக்காகவே ஆகிறான், மனைவியும் அப்படியே, மக்களும் செல்வமும் அப்படியே என்று அது விரிகிறது. மைத்ரேயி வாயை மூடிக் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. இறந்தபின் உணர்வு இல்லை என்று சொல்லி என்னைக் குழப்பிவிட்டீர்கள் என்று நடுவில் நிறுத்துகிறார். அந்தத் தடைக்கு விளக்கம் சொல்லிவிட்டு யாக்ஞவல்கியர் புறப்பட்டுப் போய்விடுகிறார். மைத்ரேயி அதற்குப்பின் எங்கே போனார், என்ன செய்தார் என்று நூல் சொல்லவில்லை.

காத்யாயனி? அவருக்குக் கிடைத்த பாகம் என்ன என்பதும் நூலில் இல்லை. பசுக்கள் வந்து சேர்ந்த வீடு அது. ஆயிரம் பசுக்களைச் சபையில் வென்றவர் யாக்ஞவல்கியர். அவற்றுக்குத் தீனி வைத்தவர், கறந்தவர், கன்றை அவிழ்த்துவிட்டவர், வந்த மாணவர்களுக்குச் சோறு போட்டவர் யார் என்று கேட்டால் பெண்ணறிவு என்ற சொல்லின் பொருள் விளங்கத் தொடங்கும். அந்த அறிவு இல்லாத வீட்டில் பிரம்ம விசாரம் ஒருநாள்கூட நடந்திருக்காது. நூல் அதைப் பாராட்டுவதற்காகச் சொல்லவில்லை; மைத்ரேயியிடமிருந்து காத்யாயனியைப் பிரித்துத் தள்ளிவைப்பதற்காகச் சொல்கிறது. இந்தப் பிரிவினையைத்தான் நான் சந்தேகிக்கிறேன். கார்கி கேட்ட நெசவுக் கேள்வி பிரம்ம விசாரமா, பெண்ணறிவா? பாவையும் ஊடையையும் தெரிந்துகொண்ட அறிவு எந்தப் பக்கம் சேரும்? இந்த நூலின் மிகக் கூர்மையான கேள்வி, இந்த நூல் தாழ்த்திவைத்த அறிவிலிருந்து பிறந்திருக்கிறது.

ஆறாம் அதிகாரத்துக்கு வருவோம். அதன் நான்காம் பகுதி கருத்தரிப்புச் சடங்கைப் பற்றியது. எப்படிப்பட்ட பிள்ளை வேண்டுமோ அதற்கேற்ற உணவைச் சமைத்துக் கணவனும் மனைவியும் நெய்யோடு உண்ண வேண்டும் என்கிறது. ஒரு வேதம் கற்கும் மகன், இரண்டு வேதம் கற்கும் மகன், மூன்று வேதம் கற்கும் மகன் என்று சொல்லிவந்து, 6.4.17இல், முழு ஆயுளும் வாழும் பண்டிதையான மகள் வேண்டுமென்றால் எள்ளுச் சாதம் என்கிறது. மகன் வேண்டும் என்பதற்கே எல்லாச் சடங்கும் என்றிருந்த உலகில், கற்ற மகளை விரும்பிப் பெறுவதற்கு ஒரு பத்தி இருப்பது அரிய செய்தி. இதற்கு அடுத்த பத்தி, எல்லா வேதமும் கற்றுச் சபையேறிப் பேசிப் புகழ்பெறும் மகனைப் பற்றியது. மகளுக்குச் சபை சொல்லப்படவில்லை. ஆனாலும் பண்டிதை என்ற சொல் இருக்கிறது.

அதே பகுதியில், இதற்குப் பத்துப் பத்திகளுக்கு முன், 6.4.7 இருக்கிறது. மனைவி உடலுறவுக்கு இணங்காவிட்டால் பொருள் கொடுத்து அவளை இணங்கவை. அப்போதும் இணங்காவிட்டால் கோலாலோ கையாலோ அடித்து அடக்கு என்று அது கணவனுக்கு வழி சொல்கிறது. அடிக்கும்போது சொல்வதற்கு மந்திரமும் தருகிறது. 1884இல் ஆங்கிலத்தில் இந்த உபநிடதத்தை வெளியிட்ட மாக்ஸ் முல்லர் இந்தப் பகுதியின் சில பத்திகளை ஆங்கிலமாக்காமலே விட்டுவிட்டார். நம் மேடைகளும் இதை ஆங்கிலமாக்கவில்லை, தமிழாக்கவும் இல்லை. பண்டிதையான மகளை விரும்பிய அதே கை மனைவியின் மேல் கோலை ஓங்கலாம் என்று அதே சடங்கு அனுமதிக்கிறது. ஒன்றைச் சொல்லி மற்றதை மறைப்பவர்கள் நூலைப் போற்றவில்லை; நம்மை ஏமாற்றுகிறார்கள்.

6.2இல் இன்னும் சில பெண்கள் இருக்கிறார்கள். அரசர் ஒருவர் கௌதமர் என்ற பிராமணருக்குச் செல்வம் தர முன்வருகிறார். தம்மிடம் ஏற்கெனவே இருப்பவற்றைக் கௌதமர் வரிசையாகச் சொல்கிறார். பொன், பசுக்கள், குதிரைகள், தாசிகள், போர்வைகள், ஆடைகள். குதிரைக்கும் போர்வைக்கும் நடுவில் தாசிகள். இங்கே தாசி என்றால் அடிமைப் பெண். இந்தப் பெண்களைப் பண்டிதையாகப் பெற்றெடுக்க எள்ளுச் சாதம் சமைத்தவர்கள் இருந்திருப்பார்களா? வரலாற்றாசிரியர் உமா சக்கரவர்த்தி 1989இல் வெளிவந்த தம் புகழ்பெற்ற கட்டுரையில் வேதகாலத்துத் தாசிக்கு என்ன ஆயிற்று என்று கேட்டார். ஆரியப் பெண்ணின் பொற்காலம் என்ற சித்திரம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தேவைக்காக வரையப்பட்டது, அதில் உழைக்கும் பெண்ணுக்கு இடமே தரப்படவில்லை என்று காட்டினார்.

அந்தத் தேவை எல்லா இடத்திலும் கெட்ட தேவையாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். 1820இல் ராம்மோகன் ராய் சதிக்கு எதிராக வாதாடியபோது, பெண்ணுக்கு அறிவு குறைவு என்று சொன்னவர்களுக்கு மைத்ரேயியைக் காட்டினார். மிகக் கடினமான ஞானத்தை யாக்ஞவல்கியர் தம் மனைவிக்குக் கற்பித்திருக்கிறாரே என்று கேட்டார். உயிரோடு எரிக்கப்படும் பெண்களைக் காப்பாற்ற அன்று அந்தப் பெயர் ஆயுதமாயிற்று. ஆனால் காலப்போக்கில் அதே பெயர்கள் எதிர் வேலைக்குப் போயின. 1938இல் அல்தேகர் எழுதிய, இந்து நாகரிகத்தில் பெண்களின் நிலை பற்றிய நூல், தொடக்கத்தில் உயர்வு, பின்னர் வீழ்ச்சி என்ற கதையைப் பாடத்திட்டத்துக்குள் நிலைநிறுத்தியது. அப்போதே எல்லாம் இருந்தது, இடையில்தான் கெட்டது என்று சொல்லிவிட்டால், இப்போது கேட்பதற்கு நமக்கு எதுவும் மிச்சமிருக்காது.

இடையில் கெட்டது என்கிறார்களே, அந்த இடையில் நடந்த ஒன்றைக் கையோடு காட்ட முடியும். எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தவராகப் பொதுவாகக் கருதப்படும் ஆதிசங்கரர் இந்த உபநிடதத்துக்குப் பேருரை எழுதினார். பண்டிதையான மகள் என்ற இடத்துக்கு வந்ததும், மகளின் பாண்டித்தியம் வீட்டு நிர்வாகத்தைப் பற்றியது மட்டுமே, ஏனென்றால் வேதத்தில் அவளுக்கு அதிகாரமில்லை என்று பொருள் எழுதினார். மூலத்தில் வீடு என்ற சொல் இல்லை. உரையில் அது வந்து சேர்ந்தது. காத்யாயனியின் பெண்ணறிவுக்கு அவர் எழுதிய பொருளும் வீட்டுத் தேவைகளைக் கவனிக்கும் அறிவு என்பதே. இரண்டு வெவ்வேறு சொற்களுக்கு ஒரே வேலியைக் கட்டியாயிற்று. உரைமரபுக்குள் பயின்ற நமக்கு இது புதிதல்ல. ஒரு நூல் எந்த வாசகருக்குத் திறக்கும், எவருக்கு மூடும் என்பதை உரையாசிரியரின் ஒரு சொல் தீர்மானித்துவிடும். ஒரு பெண் பண்டிதையாகலாம் என்ற ஆசையைப் பண்டைய நூல் பதிவுசெய்தது. அவள் சமையலறைக்குத்தான் பண்டிதை என்று உரை திருத்தியது. நாம் வாசித்தது பெரும்பாலும் உரையைத்தான்.

மறுபுறம், பெயர்கள் மட்டும் சடங்கில் பத்திரமாக இருந்தன. ஆஸ்வலாயன கிருஹ்ய சூத்திரம் நீர்க்கடன் செலுத்த வேண்டிய ஆசிரியர்களை அடுக்கும்போது கார்கி வாசக்னவி, வடவா ப்ராதிதேயி, சுலபா மைத்ரேயி என்று மூன்று பெண்களையும் சேர்க்கிறது. ஓதும் உரிமை பெற்ற ஆண்கள் அந்தப் பெயர்களைச் சொல்லி நீர்விட்டார்கள். அந்த ஆண்களின் மகள்களுக்கு அந்தப் பெயர்கள் வரும் வேதத்தை ஓத உரிமையில்லை. பெண்ணுக்குத் திருமணமே உபநயனம் என்று மனு எழுதிவைத்தார். கார்கிக்கு நீர்விடவும் முடிந்தது, இன்னொரு கார்கி வராமல் பார்த்துக்கொள்ளவும் முடிந்தது. மேடையில் பெயரைச் சொல்லிவிட்டு நகரும் இன்றைய பேச்சும் அந்த நீர்க்கடனின் தொடர்ச்சியாகவே எனக்குத் தோன்றுகிறது.

உபநிடதத்தின் கடைசிப் பகுதியான 6.5 ஓர் ஆசிரியர் பரம்பரைப் பட்டியல். படிக்கச் சலிப்பூட்டும் பட்டியல் என்று பலர் தாண்டிப் போவார்கள். நின்று படியுங்கள். பௌதிமாஷீபுத்திரர் காத்யாயனீபுத்திரரிடம் கற்றார், அவர் கௌதமீபுத்திரரிடம், அவர் பாரத்வாஜீபுத்திரரிடம், அவர் பாராசரீபுத்திரரிடம் என்று நீள்கிறது. வரிசை வரிசையாக ஆசிரியர்கள் தாயின் பெயரால் அறியப்படுகிறார்கள். சங்கரர் இதற்கும் காரணம் சொல்கிறார்: நல்ல மகனைப் பெறுவதில் பெண்ணுக்கு முதன்மை உண்டு என்று முன்னே சொல்லப்பட்டதால் இப்படி என்று. தாய்கள் மகன்களுக்குப் பெயர் தந்த அளவோடு நிற்கிறார்கள் என்று நாமும் முடித்துவிடலாம். ஆனால் பட்டியல் மேலே ஏற ஏற வேறொன்று நடக்கிறது. கச்யப நைத்ருவி கற்றது வாக்கிடம். வாக் கற்றது அம்பிணியிடம். அம்பிணி கற்றது ஆதித்தனிடம். இந்த யஜுஸ் மந்திரங்கள் கதிரவனிடமிருந்து இறங்கிவந்தவை என்றால், மனிதர் காதுக்கு வருமுன் அவை இரண்டு பெண் பெயர்களின் வழியாகக் கடந்து வந்திருக்கின்றன. வேதத்தில் அவளுக்கு அதிகாரமில்லை என்று உரை எழுதப்பட்ட அதே நூலின் கடைசிப் பக்கத்தில் இது இருக்கிறது.

ஆகவே இந்த நூலைத் தூக்கி எறியுங்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. தலையில் வைத்துக் கூத்தாடவும் சொல்லமாட்டேன். இரண்டு பெண்களின் பெயரைக் கிள்ளியெடுத்து மாலை கட்டுவதை நிறுத்திவிட்டு முழுதாகப் படிப்போம். கேட்டவர், கற்றவர், பேசாதவர், கந்தர்வன் பெயரில் பேசியவர், கோலால் அடிபட்டவர், போர்வையோடு எண்ணப்பட்டவர் எல்லாரும் ஒரே நூலில் ஒருவர் பக்கத்தில் ஒருவராக இருக்கிறார்கள். இவர்களில் கார்கியை மட்டும் பிரித்தெடுத்தால் அவர் விதிவிலக்கு ஆகிவிடுவார். விதி அப்படியே இருக்கும். அவர் கேட்ட கேள்வியைத் தறியோடு சேர்த்துப் படித்தால் காத்யாயனியும் அந்தச் சபைக்குள் வந்துவிடுவார்.

அடுத்த முறை உங்கள் கல்லூரி விழாவில் யாராவது கார்கி, மைத்ரேயி என்று தொடங்கினால், கூட்டம் முடியும் வரை காத்திருக்காமல் எழுந்து கேளுங்கள்: கார்கியை ஏன் நிறுத்தச் சொன்னார்கள்? காத்யாயனிக்கு என்ன பாகம் கிடைத்தது? பதஞ்சலரின் மனைவிக்குப் பெயர் என்ன? தலை ஒன்றும் விழுந்துவிடாது.